சுஹறாவின் மாப்பிள்ளைக்குச் செய்த கார்

கல்முனைக்குடியில் அச்சிமுகம்மதுவைப் போல ஏமாந்தவன் இல்லை என்பார்கள். இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் தன்னை ஏமாற்றுவதற்கான சாமானைத் தானே முறுக்கிப் பூட்டி, ஒயில் விட்டு, துடைத்தும் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

அவனுக்குச் சந்தைக்குப் பின்னால் ஒரு கராஜ். முப்பது தாண்டியும் கலியாணம் இல்லை. ஆளில் கோளாறு ஒன்றுமில்லை, ஊர் வழக்கம்தான். தங்கச்சிக்கு ஒரு வீட்டைக் கட்டி, அந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்து சேர்க்காமல் காக்காமார், அண்ணன்மார், தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகிப் போனதால் பாரம் முழுதும் அவன் தலையில். வீடு கட்டியாயிற்று. மாப்பிள்ளையும் பேசியாயிற்று. மருதமுனையில் படிப்பிக்கிற பக்கீர் முகைதீன் மாஸ்டர். வெற்றிலையும் மாற்றியாயிற்று. மாப்பிள்ளையை எதில் கூட்டி வருவது என்பதுதான் மிச்சம். ஊரார் வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்றில் கூட்டி வரவேண்டும் என்று அச்சிமுகம்மதுவுக்கு ஆசை.

அந்த நேரம் பார்த்து சம்மாந்துறையின் பெரிய வயல்காரர் ஸைனுலாப்தீன் போடியார் கார் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்றால், ஒரு சோடி எருது இழுத்துக்கொண்டு வந்தது. உலக யுத்தத்துக்கு முன்னர் ஏதோவொரு வெள்ளைக்காரத் துரை றேஸ் ஓடிய கார். கூரை கிடையாது. முன்மூடி ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம், இருக்கிற இடமோ இரண்டு பேருக்கு மட்டும். சில்லுகளில் சைக்கிளுக்குப் போல கம்பிகள். துரை விட்டுப்போன நாளிலிருந்து அது போடியார் நெல் அடுக்குகிற மால் கொட்டிலுக்குள் கிடந்தது. கடைசியாக அதில் ஏறி இருந்தது ஒரு அடைகாத்த கோழி.

"அச்சி, இத எழுப்புவியா?"

"எழுப்பலாம் போடியார். ஆனா பழைய எஞ்சின் சரிவராது, கையால சுத்திச் சுத்தித் தோள்மூட்டுக் கழண்டுபோகும். பிறேக்கும் கம்பி பிறேக். கல்முனையில மிதிச்சா காரைதீவுல நிக்கும்."

"அப்ப என்ன செய்ற?"

"வெளியால பழசாவே இருக்கட்டும். உள்ளுக்குப் புதுசு போடுவம்."

போடியாருக்குப் பிடித்துப்போயிற்று. "வயல் மாதிரி வெச்சுக்குவம் மனே. காணி என்ட, பாடு உன்ட. விளைஞ்சா முதல்ல நீ தின்னு. முதல் ஓட்டத்துல உன்ட தங்கச்சிர மாப்பிள்ளைய உன்ட ஊட்ட கொண்டுபோய் இறக்கு. அதுக்குப் பிறகு கார் என்ட."

அந்தப் பக்கத்தில் போடியாருக்கும், அவர் காணியைச் செய்கிற முல்லைக்காரனுக்கும் இடையில் காகிதம் எழுதுகிற வழக்கம் இல்லை. வாய்ச்சொல்தான். அச்சிமுகம்மதுவும் பிஸ்மி சொல்லிக் கையைக் கொடுத்தான். கார் வயல் இல்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஒலுவில் பக்கம் வாய்க்காலுக்குள் குடைசாய்ந்த புது வான் வண்டி ஒன்றை வாங்கினான். அதன் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் இதற்குள் போயின. கம்பி பிறேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு சில்லுக்கும் ஒயில் பிறேக் பூட்டினான். சுத்துகிற கைபிடி போய், பொத்தானை அமத்தினால் உறுமுகிற செல்ப் வந்தது. இரும்பு ஒட்டுகிற பெனடிக்தான் கூட்டாளி.

"டேய் அச்சி, தங்கச்சிக்காகக் கார் செய்றியா, காருக்காகத் தங்கச்சியக் கட்டிக் குடுக்கிறியா?" என்று பெனடிக் கேட்பான்.

"நீ ஒட்டுற வேலையப் பாருடா."

தங்கச்சி சுஹறா மருதமுனைச் சிவப்புக் கைத்தறியில் இருக்கைக்கு உறை தைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் மாஸ்டர் கராஜுக்கு வந்துவிடுவார். கல்லில் ஏற்றி வைத்த காருக்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயால் உறுமிக்கொண்டு கண்காணாத ஊருக்கெல்லாம் போய்வருவார். சுஹறா தேத்தண்ணி அனுப்புவாள். மாப்பிள்ளைக்குத் தன்மேல் இவ்வளவு ஆசையா என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

கார் ஓடிய அன்று போடியார் வந்தார். "ஒரு கிழமைக்குத் தா, பாத்துட்டு அனுப்புறன்." அவன் கொடுத்தான். கார் திரும்பி வரவில்லை. செய்திதான் வந்தது. போடியாரின் மகள் சித்தி லைலாவுக்குக் கலியாணம். சீதனம் வீடு, வயல், கார். மாப்பிள்ளை பக்கீர் முகைதீன் மாஸ்டர்.

அச்சிமுகம்மது முதலில் மாஸ்டரிடம் போனான். மாஸ்டர் எழும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "காக்கா, ஒங்களோட எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்ல" என்றார். அவ்வளவு பெரிய மனசு.

பிறகு போடியாரிடம் போனான்.

"மாப்பிள்ள போனாப் போகட்டும் போடியார். என்ட எஞ்சினையும் பிறேக்கையும் கழட்டித் தாங்க."

போடியார் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "மனே, காணிக்கு எருப் போட்ட முல்லைக்காரன், போகக்குள்ள எருவக் கிண்டி எடுத்துட்டா போறான்?"

பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மோசம் என்னவென்றால், அச்சிமுகம்மதுவின் தலையும் ஆடிவிட்டது. அவனுடைய வாப்பாவும் முல்லைக்காரன்தான். அந்தச் சட்டத்துக்கு மேல் ஒரு சட்டம் அவன் கேள்விப்பட்டதில்லை.

கலியாணத்தன்று அவன் கராஜை விட்டு வெளியே வரவில்லை. பெனடிக் துணைக்கு இருந்தான். பின்னேரம், மாப்பிள்ளையை எடுத்துவர மருதமுனைக்குப் போன கார் திரும்பி வருகிற சத்தம் சந்தைப் பக்கம் கேட்டது. ஓட்டியவன் போடியாரின் உழவு மெசின்காரன். கியர் மாற்றுகிறேன் என்று அவன் போட்ட இழுவையில் கறகறவென்று பல் அரைபட்டது. கார் நின்றுபோயிற்று.

"ஒன்னக் கூப்பிட வருவானுகள். போகாத" என்றான் பெனடிக்.

"எனக்கென்ன விசரா?"

மறுபடியும் கறகற. யாரோ தன் கடைவாய்ப் பல்லை அராவுகிற மாதிரி அச்சிமுகம்மது கண்ணை மூடினான். மூன்றாவது கறகறவுக்கு அவன் எழும்பிவிட்டான். ஒருவரும் கூப்பிட வரவில்லை. அவனாகத்தான் போனான்.

மெசின்காரன் இறங்கி இடம் விட்டான். மாலை போட்ட மாஸ்டர், சுஹறா தைத்த சிவப்பு உறைமேல் இருந்துகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், காக்கா வந்திட்டீங்க" என்றார். பின்னால் வந்த மாட்டுக் கரத்தைகளில் பெண்கள் குரவை போட்டார்கள். கார் பூப்போலப் புறப்பட்டது.

வழி கல்முனைக்குடிக்கு ஊடாகத்தான். தன் ஒழுங்கை முகப்பு வந்ததும் அவன் காலை வைத்தான். ஒயில் பிறேக் அல்லவா, கார் வைத்த இடத்தில் நின்றது. உள்ளே வீட்டுப் படலையடியில் சுஹறா நின்றாள். ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பேசியபடி மாப்பிள்ளை அவள் வாசலில். மாஸ்டரின் முகத்தில் இரத்தம் இல்லை. மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பிறேக் நல்லாப் பிடிக்குது காக்கா" என்றார், மெல்ல.

அந்த ஒரு சொல்லில் அச்சிமுகம்மதுவின் நெஞ்சு குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? அவன் கியரைப் போட்டான். ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. கார் நேரே போயிற்று, சம்மாந்துறைக்கு.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். சுஹறா சோறு போட்டு வைத்திருந்தாள்.

"கார் நல்லா ஓடின?"

"ஓம்."

"போடியார் ஒங்களக் கூப்பிட்டாரா?"

அவன் சோற்றுக்கு முன்னால் குந்தினான்.

"போடியார் மகளுக்காகச் செஞ்சார். மாஸ்டர் தனக்காகச் செஞ்சார். நீங்க ஆருக்காக காக்கா செஞ்ச?"

"அந்த மெசின்காரன் கியர்ப்பெட்டிய உடைச்சிருப்பான் புள்ள."

சுஹறா அழவில்லை. அறைக்குள் போய் ஒரு துண்டுச் சீலையோடு வந்தாள். மருதமுனைக் கைத்தறி, சிவப்பு. உறை தைத்ததில் மிச்சம்.

"இதுல தொடைங்க" என்றாள். "கை முழுக்க ஒயில்."