திங்கட்கிழமை எங்களுக்கு, வியாழக்கிழமை அவர்களுக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு சரி. சுழி மட்டும் போட்ட தாள்களே ஒரு கட்டு சேர்ந்திருக்கும். அக்கா இருந்தவரை அவள் மனம் நோகுமே என்று பயம். இப்போது அவளும் இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாத்தா, குடும்ப கேஸுக்கு நல்ல வக்கீலு யாராச்சும் இருக்காங்களா? தெரிஞ்சவரா இருந்தா தேவல" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த வாசனையும் அந்தக் கேள்வியும் சேர்ந்து வந்ததில் மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

பலாப்பழம் என்றால் எனக்கு எங்கள் அவொக்கா ஐயா வீட்டுக் கூடம்தான். புதுச்சேரியில் அப்போது வக்கீலை அவொக்கா என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்ட பிறகும் கோர்ட்டில் அவன் சட்டமும் அவன் பாஷையும்தான் ஓடின. காலையில் ஐயா, ஆள் பின்னாலிருந்து தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏறி உட்காருவார். அவருடைய கறுப்பு அங்கியை வேலைக்காரன் சாமி வஸ்திரம் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடுவான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பேன். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன், அந்த அங்கி என்ன ரகத் துணி என்று தொடாமலே சொல்வேன். ஆனாலும் கை தானாகக் குவியும்.

எங்களுடையது கருவடிக்குப்பத்தில் ஒரு சின்ன விவசாயக் குடும்பம். நிலம், பாகப்பிரிவினை, கல்யாணம் எதுவானாலும் அவரைக் கேட்காமல் நடக்காது. அவருக்கு முன்னால் அவர் அப்பா. வீட்டில் விசேஷம் என்றால் முதல் தாம்பூலம் குலதெய்வத்துக்கு, அடுத்தது அவருக்கு. அக்காவுக்கு மாப்பிள்ளை சொன்னதும் அவர்தான். அத்தான் குடும்பத்துக்கும் அவரே அவொக்கா. அதில் இரண்டு வீட்டுக்கும் அன்று அவ்வளவு பெருமை.

கொடி இறங்கிய அந்த வருஷமே அத்தான் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அக்காவைத் துரத்திவிட்டார். மூன்று வயதுக் குழந்தை செல்வியைக் கொடுக்கவில்லை. அக்காவுக்கு அத்தானும் வேண்டாம், சொத்தும் வேண்டாம், செல்வி வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அப்பா அவளையும் என்னையும் அழைத்துக்கொண்டு அதே கூடத்துக்குத்தான் போனார். "கோர்ட்டுக்குப் போனா ரெண்டு குடும்பத்து மானமும் போயிடும். நான் பேசி முடிக்கிறேன், பொறுமையா இரும்மா" என்றார் ஐயா. திங்கட்கிழமைதோறும் வரச் சொன்னார். போனோம். ஐயா மறக்காமல் அக்காவுக்குச் சோடா வாங்கிக் கொடுப்பார். "இன்னும் கொஞ்சம் பொறுமையா இரு" என்பார். திரும்பி வருவோம்.

அப்படி ஒரு திங்கட்கிழமை கூடமே பலா வாசனையில் கமகமத்தது. மூலையில் பெரிய பழம், காம்பில் மஞ்சள் துணி. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மொதப் பழத்துக்கு மஞ்சத் துணி சுத்துறது எங்க மாமியார். இது எங்க கொல்லை மரத்துப் பழம்" என்றாள். வேலைக்காரன் சாதாரணமாகச் சொன்னான்: "ஆமாம்மா, வியாழக்கெழம வந்துச்சு. அவங்க நாளு வியாழன்தானே?"

வரும் வழியெல்லாம் சண்டை.

"வேற அவொக்காவப் பாருப்பா."

"பைத்தியமாடி நீ? கொலதெய்வத்த மாத்துவாங்களா?"

"நம்ம கொலதெய்வம் நமக்கு மட்டுந்தாம்பா. இவரு அவங்களுக்கும் சாமி. யாரு வேண்டுதலக் கேப்பாரு?"

"நம்ம வீட்டுச் சோத்தத் தின்னவரு. கைவிட மாட்டாரு."

"அவங்க வீட்டுப் பலாப்பழத்தையும் தின்னவருதாம்பா."

அப்பா நடையை எட்டிப் போட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை வேட்டியை மாற்றிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். கோர்ட்டில் ஒரு மனுகூடப் போடாமல் எத்தனையோ பலா சீசன் வந்து போனது.

கொடி இறங்கி எட்டு வருஷம் கழித்து, ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தபோது, ஐயா இரண்டு வீட்டாரையும் ஒரே நாளில் கூப்பிட்டார். நான் கொடுத்த பூப்போட்ட துணியில் அக்கா ராவும் பகலும் உட்கார்ந்து ஒரு பாவாடை தைத்திருந்தாள். பார்க்காத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரியும்? செல்வி உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது, சேராது. அக்கா அந்தப் பொட்டலத்தை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"செல்வி, அம்மாகிட்ட போம்மா" என்றார் ஐயா.

செல்வி அத்தானின் இரண்டாம் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இங்கதானே இருக்காங்க" என்றாள்.

ஐயாவின் கண் நிஜமாகவே கலங்கியது. "பாத்தியாம்மா, கொழந்த அங்கயே வேர் விட்டுடுச்சு. இப்பப் புடுங்கினா பாவமில்லையா?"

"இத்தினி வருசம் அங்க வேர் விட வெச்சது யாருங்கய்யா?"

"பெரியவங்ககிட்ட என்னாடி பேச்சு" என்று அப்பா அவளை அதட்டினார். படியிறங்கும்போது வழக்கம்போல ஐயாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். நான் அன்று கும்பிடவில்லை. சாமி கும்பிடுவதை நான் விட்டதில்லை, இன்றைக்கும் விளக்கு ஏற்றாமல் ஒரு வாய் காபி குடிக்க மாட்டேன். ஆனால் மனுஷனைக் கும்பிடுவது அன்றோடு நின்றது.

இப்போது அந்த வீட்டை இடித்து ஓட்டல் கட்டியிருக்கிறார்கள். புஷ்புஷ் வண்டி போயிற்று, அவொக்கா என்ற சொல்லும் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "தெரிஞ்சவரு வேணாம்மா. எதிர்த்தரப்பு வீட்ல ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காதவராப் பாரு" என்றேன். சுளையைத் தொடவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டாளோ.

இதை யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அவொக்கா ஐயா காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றினார் என்று சேர்க்காதீர்கள். எங்களிடம் அவர் காசு வாங்கியதே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அப்பாவே அவரை விட்டிருப்பார். கேட்பவர் முகம் வாடுகிறதே என்று, கடைசியில் செல்வி தேடி வந்தாள் என்றும் சொல்லிவிடாதீர்கள். வரவில்லை. அக்கா போனபோது ஆள் அனுப்பினோம். அப்போதும் வரவில்லை.