தேதி நிற்காத கேமரா

வார்டில் அவளை எல்லோரும் கேமராக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துப்புரவுப் பெண்கள் தொடங்கி வைத்த பெயர், பிறகு நோயாளிகளுக்கும் பழகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாரோ தேடி வந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் உண்டு.

நாள்பட்ட புண்களுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. சர்க்கரை நோயில் கறுத்த கால்கள், படுத்தே கிடந்ததால் முதுகிலும் குதிகாலிலும் வந்த படுக்கைப் புண்கள். புண் ஆறுகிறதா அகலுகிறதா என்று டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் படம் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் செல்போனில்தான் எடுத்தார்கள். யாரோ ஒரு பயிற்சி டாக்டர் ஒரு கிழவரின் காலைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் கிழவரின் மகனுடைய போனுக்கே வந்து சேர்ந்தது. அன்றோடு வார்டுக்குள் போனை வெளியே எடுக்கவே கூடாது என்று உத்தரவு. பெரிய சிஸ்டர் அலமாரியைக் குடைந்து, ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் மறந்துவிட்டுப் போன சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதுல நெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுத்த படம் எங்கயும் ஓடிப்போகாது. நீயே பாத்துக்கோ."

சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. பேட்டரி மூடி நிற்காமல் தொங்கியது, அதற்குப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஃபிளாஷ் ஈரப்புண்ணில் பட்டுப் பளீரென்று அடித்தது, அதன் மேலும் கட்டுத்துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினாள். அதற்கே இரண்டு இடத்தில் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் போதும், தேதி அழிந்து, அது தொழிற்சாலையில் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விடும். எத்தனை முறை திருத்தினாலும் நிற்கவில்லை. கடைசியில், புண்ணுக்குப் பக்கத்தில் வைக்கும் காகித அளவுகோலிலேயே பேனாவால் தேதி எழுதி எடுக்கப் பழகிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் முனகிக்கொண்டே வெளியே வரும், இன்றைக்குமா என்று அலுத்துக்கொள்கிற மாதிரி. "எனக்கும் அதேதான், வா" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வீடு இரண்டு மாடி ஏறிப் போகவேண்டிய ஒரு பகுதி. கணவன் லாரி ஓட்டுபவன், வந்தால்தான் வருவான். மகள் கல்லூரியில் படித்தாள். லீவு நாட்களில்கூட, காலையில் கண் விழித்து, இன்று லீவு என்பது நினைவுக்கு வருவதற்குள்ளேயே அவளுக்கு அசதி வந்துவிடும்.

மகளுக்கு அந்தக் கேமரா மேல் ஒரு கண் இருந்தது.

"ம்மா, ஒரே ஒரு நாள் கொண்டு வாயேன். இப்ப எல்லாரும் பழைய கேமராதான் தேடுறாங்க தெரியுமா?"

"உங்கப்பா நல்ல போன்தானே வாங்கிக் குடுத்தாரு?"

"அதுல ரொம்பத் தெளிவா வருதும்மா. இதுல எடுத்தா கொஞ்சம் வெளிறி, பழசு மாதிரி வரும்."

"பழசாத் தெரியணும்னா என்கூட நாலு நைட் டூட்டி பாரு. தானா வெளிறிடுவ."

அந்தச் சமயத்தில்தான் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு தையல்காரர் வந்தார். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வீட்டில் மல்லாந்து கிடந்தவர். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவரால் அதைப் பார்க்க முடியாது, வாடை மட்டும் வரும்.

"எல்லாரும் ஆறிடும் ஆறிடும்னே சொல்றீங்க. நாத்தம் எனக்குத்தானே தெரியுது? முதுகு அழுகிப்போச்சுன்னு நேராச் சொல்லிடுங்களேன்" என்றார். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் காது கேட்காத மாதிரி கூரையைப் பார்த்தார். மகன் வந்து கெஞ்சினான், டாக்டர் வந்து அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் கட்டு மாற்றி முடித்ததும், கேமராக்கா கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான் சொல்றத நம்பவேணாம். நீங்களே பாருங்கய்யா." அவர் வந்து சேர்ந்த வாரத்துப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஓரம் உள்ள வந்திருக்கே."

"ஆமா."

"அந்தப் பக்கம் இன்னும் பிசிறு அடிக்குது."

"அதுவும் வரும்யா. நீங்க சாப்பிட்டாத்தான் வரும்."

"கைக்கு எட்டுற இடமா இருந்தா நானே ஓரம் அடிச்சிருப்பேன்" என்றார். அன்று மதியம் தட்டைக் காலி செய்தார். அதன்பிறகு படம் எடுக்கிற நாளில் அவள் வருவதற்கு முன்பே ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியோடு காத்திருப்பார்.

ஒரு நாள் காலையில் மாற்றுக்கு வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. நைட் டூட்டி முடித்தவள் அப்படியே நண்பகல் வரை ஓடினாள். வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுந்து தூங்கிவிட்டாள். கேமரா கோட்டுப் பையிலேயே இருந்தது. அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொடியில் கோட்டு தொங்கியது, கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாவம், பிள்ளை துவைத்துப் போட்டிருக்கிறதே என்று முதலில் மனம் குளிர்ந்தது. அடுத்த நிமிடம் கேமரா நினைவுக்கு வந்தது. எழுந்துபோய்ப் பையைத் தடவினாள். ஈரத்துணிதான் இருந்தது. மகள் யாரோ தோழியின் பிறந்தநாளுக்குப் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தாள். போன் போட்டாள், மகள் எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனாள். எந்த வீடு என்று தெரியாது. வீங்கிய காலோடு திரும்ப இரண்டு மாடி ஏறினாள்.

மகள் வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"யாரு யாரு பாத்தீங்க?"

"நானும் இன்னொருத்தியும்தான். எடுத்த ஃபோட்டோ எப்படி வந்திருக்குன்னு பட்டனைத் தட்டுனேன். பின்னாடி போயிடுச்சு. அவ கத்திட்டா. உடனே அணைச்சிட்டேன்மா."

"போன்ல எதுவும் எடுத்தாளா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்."

அம்மா கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. மகள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அது யாரோட முதுகும்மா? நீ தெனமும் இதத்தான் பாக்குறியா?"

"கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

"எனக்கு வேணாம்."

"எனக்கும்தான் வேணாம். சாப்பிட்டுத்தான் ஆகணும்."

மறுநாள் காலை பெரிய சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இத நீ சொல்லாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா?"

"முடியாதுதான் சிஸ்டர்."

"உன் தலைவலி போதாதுன்னு எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்க."

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கேமராவில் இருந்ததை ஒவ்வொன்றாக அழித்தார்கள். குதிகால், முதுகு, விரல் போன பாதம். அதற்கு நடுவில் திடீரென்று வெளிறிய முகங்களோடு சில பெண்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு. பெரிய சிஸ்டர் விரலை எடுத்தார்.

"இதுல உன் பொண்ணு யாரு?"

"ஓரத்துல நிக்குறா பாருங்க."

"உன் மூக்கு அப்படியே" என்று சொல்லிவிட்டு அதையும் அழித்தார்.

மேலிடத்திலிருந்து அவளுக்குக் கண்டிப்பு வந்தது. கேமரா அலமாரிக்குத் திரும்பியது. அதைவிடக் கடினமான வேலை ஜன்னலோரக் கட்டிலில் காத்திருந்தது. யாரும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகள் பார்த்தது அவர் உடம்பு. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

தையல்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். "முகம் தெரிஞ்சுதா?"

"இல்லய்யா. முகம் நான் எடுக்கவே மாட்டேன்."

"பொம்பளப் பிள்ளைங்களா?"

"ஆமா."

அவர் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். "வயசுக்கு வந்த பிள்ளைங்க ஜாக்கெட்டு அளவுக்கு வந்தாக்கூட, டேப்ப எம் பொண்டாட்டி கையில குடுத்துட்டுத் திரும்பி நிப்பேன். என் உடம்ப இப்படி..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கட்டு மாற்றும்போதெல்லாம் வாயே திறக்கவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. வேலையை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்தாள்.

புதிதாக ஒரு டேப்லெட் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு கையில் அதைப் பிடித்தால், நோயாளியைத் தாங்க ஒரு கையும் அளவுகோலுக்கு ஒரு கையும் போதாமல் போனது. கையுறையோடு தொட்டால் கேட்காது. எடுத்த படம் அடுத்த நொடியே எங்கோ உள்ளே போய்ப் பத்திரமாகிவிடும். திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் கடவுச்சொல் போட்டு, வார்டின் நெட்டுக்காகத் தவம் கிடக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு கட்டு மாற்றலின்போது தையல்காரர் சுவரைப் பார்த்தபடியே, "உங்க பொண்ணு பயந்துட்டாளா?" என்று கேட்டார்.

"அழுதா."

"சின்னப்பிள்ள." தலையை லேசாகத் திருப்பி, "என்ன படிக்குது?" என்றார். அவள் சொன்னாள். அப்படியே பேச்சு ஆரம்பித்து, மகன் அவருடைய தையல் மெஷினை மூலையில் போட்டுத் துணிமணி குவித்து வைத்திருக்கிறான் என்கிற புகார் வரை போனது.

புண் நகக்கண் அளவுக்கு வந்தபோது அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற நாள் கடைசிப் படம் எடுத்தாள். பார்க்கணும் என்று கேட்டார். கையுறையைக் கழற்றி, கடவுச்சொல் போட்டாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே வண்டி நிற்கிறது என்று மகன் அவசரப்படுத்தினான்.

"விடும்மா. நீ பாத்துட்டல்ல?"

"பாத்தேன்யா. ஓரமெல்லாம் சேந்திருச்சு."

"சரி, அப்ப போலாம்டா" என்று மகனிடம் சொன்னார். சக்கர நாற்காலி லிஃப்ட் பக்கம் திரும்பியது. அவள் படுக்கை விரிப்பை உருவிச் சுருட்டினாள். மதியத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஸ்டூலில் ஐந்து நிமிடம் உட்காரலாமா என்று யோசித்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு, புது விரிப்பு எடுக்கப் போனாள்.