வினிகர் குப்பியில் இருந்தது

ஒற்றசேகரமங்கலத்தில் எங்கள் நூலக முன்னறையில் ஓர் அலமாரி உண்டு. வசதியுள்ளவர்கள் மளிகைப் பொருள்களைக் கொண்டுவந்து தருவார்கள், தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுக்கி வைப்பது என் பொறுப்பு.

போன மாதம் ஒரு ரப்பர் தோட்டக்காரர் தந்த பையில் வினிகர் குப்பி ஒன்று இருந்தது. மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது தெரிந்தும் அடுக்கினேன். இரண்டு பிள்ளைகளின் தாயான ஸ்டெல்லா, மாங்காய் ஊறுகாய்க்கு அதை எடுத்தார். மூடியைத் திருகியவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாரே, இது ரப்பர்ப்பால் உறைய ஊத்துற ஆசிடாக்கும். பத்து வருசம் ரப்பர் வெட்டின எனக்க மூக்குக்குத் தெரியாதா?"

இங்கே பல வீடுகளில் அந்த ஆசிடைப் பழைய குப்பிகளில்தான் ஊற்றி வைக்கிறார்கள். தோட்டக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அடுக்களைய ஒதுக்கினப்ப அள்ளிப் போட்டதாக்கும். சும்மா வாங்குறவிய பாத்து எடுக்கண்டாமா?" என்றார்.

அவர்மீது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என்மீது அதைவிட அதிகம். என் வீட்டுக்கென்றால் மூடி திறந்த குப்பியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஸ்டெல்லாவுக்கு இது போதும் என்று நானும்தானே நினைத்திருக்கிறேன்?

இப்போது தருபவர் முன்னாலேயே பையைப் பிரிக்கிறேன். மூடி திறந்த எதையும் கையோடு திருப்பித் தருகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.