சித்தியின் பச்சைச் சேலை

சித்தி பச்சை உடுத்தமாட்டார். பச்சை தனக்கு எடுபடாது என்பது அவருடைய அசைக்கமுடியாத கொள்கை. அதனால் போன வருடம் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு புடைவைக் கடையில் அவர் கிளிப்பச்சைச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தபோது, பை தூக்கப் போயிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முருங்கைக்காய்க்கே கடைக்காரனோடு வாதாடுகிறவர், அன்றைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நடந்தார். ரி-பான் சுரங்க ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், சுற்றிவரத் தமிழ் முகம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்: "தம்பி, அந்தக் கிளப்பின்ரை நிறம் பச்சையாம். ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதை."

சித்தி என் அம்மாவின் தங்கை. குரோருட்டில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார். ரொம்மனில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. அவருடைய ஒரே மகள், எனக்குத் தங்கை முறை, ஆறடிக்கு மேலே வளர்ந்துவிட்டவள். கோயில் மண்டபத்தில் அவளைக் கண்டால், இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று கவலைப்படுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. "ஏணி ஒண்டு சீதனமாக் குடுப்பம்" என்று சொல்லிச் சித்தி அவர்களைக் கடந்து போய்விடுவார். அவளோ கூடைப்பந்தைத் தவிர வேறொன்றையும் யோசிக்காதவள். ஒஸ்லோவில் தொடங்கி, ஐரோப்பிய லீக் ஒன்றில் ஆடி, அமெரிக்கப் பெண்கள் லீக்கின் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

டிராஃப்ட் என்றால், கிளப்புகள் வருடத்துக்கொருமுறை வரிசையாகத் தங்கள் முறை வரும்போது புதிய ஆட்டக்காரிகளைத் தெரிவுசெய்வது. அதற்கு முன்னரே சில கிளப்புகள் இரகசியமாக வாக்குக் கொடுத்துவிடுமாம். எங்கள் முறை வரும்வரை உன்னை வேறு யாரும் எடுக்காவிட்டால் நாங்கள் எடுப்போம். அதுவரை வேறு கிளப்புகளுக்கு ஆடிக் காட்டாதே, வெளியே சொல்லாதே. தெரிந்தால் இன்னொருவர் முந்திவிடுவார் என்ற பயம். தங்கைக்கும் அப்படியொரு வாக்கு அவளுடைய முகவர் மூலம் வந்திருந்தது. எழுத்தில் ஒன்றுமில்லை, வெறும் வாய்வார்த்தை. இதென்ன கள்ள வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சித்திக்கோ விளங்க ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. "இது கலியாணப் பேச்சு மாதிரித்தானே. எழுத்து முடியுமட்டும் ஆர் வெளியிலை சொல்லுறது?" என்றார்.

சிக்கல் அடுத்த கிழமை தொலைபேசியில் வந்தது. வேறொரு கிளப்பின் பயிற்றுநர், ஒரு பெண், தங்கையை ஆடிக் காட்ட அழைத்தார். கணுக்காலில் நோவு என்று சொல்லித் தட்டிக்கழிக்கும்படி முகவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். குசினி மேசையில் ஒலிபெருக்கியில் கிடந்த தொலைபேசியைப் பார்த்தபடி தங்கை அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு தடுமாற, தோசை வார்த்துக்கொண்டிருந்த சித்தி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். மகளின் காலுக்கு ஒன்றுமில்லை. ஒரு பேச்சுப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் இப்போது வர முடியாது. நீங்கள் கேட்டதை மறக்கமாட்டோம். இவ்வளவுதான். ஒரு சம்பந்தம் பேச்சில் இருக்கும்போது இன்னொருவர் கேட்டுவந்தால், எங்கள் ஆட்கள் எந்த இடமென்று சொல்லாமல், மனமும் நோகாமல் சொல்லும் அதே பதில். செய்தி கேட்ட முகவர் பாதி இரகசியத்தைக் கொட்டிவிட்டீர்களே என்று குதித்தார். "நான் பேர் சொன்னனானோ?" என்று கேட்டுவிட்டுச் சித்தி தோசைக்குத் திரும்பினார்.

டிராஃப்ட் நாள் வந்தது. அமெரிக்காவில் மாலை என்றால் இங்கே நடுச்சாமம். சித்தி கிளிப்பச்சையில் சரசரத்துக்கொண்டு ரோல்ஸ் பொரித்தார். தங்கை நகத்தைக் கடித்தபடி தொலைக்காட்சி முன் இருந்தாள். பச்சைக் கிளப்பின் முறை வந்தது. மேடையில் வேறொரு பெண்ணின் பெயரை வாசித்தார்கள்.

முகவர் அழைப்பை எடுக்கவில்லை. கடைசிப் பெயர்வரை பார்த்தோம். தங்கையின் பெயர் வரவேயில்லை. அந்த வாக்கை நம்பி அவள் வேறு யாருக்கும் ஆடிக் காட்டவில்லை. அவளை வேறு யார் எடுப்பார்கள்? எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிளப்பை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சித்தி என்னை நிற்பாட்டினார். "அவைக்கு வேறை நல்ல இடம் வந்திட்டுது போலை. விடு. பிள்ளைக்கு முன்னாலை கத்தாதை." பிறகு உள்ளே போய் வீட்டுச் சட்டையோடு வந்து, தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விம்மி அழுதாள். "சின்னனிலையிருந்து இதுதானே அம்மா எனக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மண்டபத்துக் கூட்டம் என்ன சொல்லும் என்று சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் பயிற்றுநர் மறுபடி அழைத்தார். தங்கையைக் கேட்கவில்லை, அவளுடைய அம்மாவைக் கேட்டார். அந்தப் பேச்சு முடிந்துவிட்டதா என்றார். முடிந்துவிட்டது என்றார் சித்தி. பொய்க் கணுக்கால் நோவுகளை நிறையக் கேட்டவராம் அவர். உண்மை சொன்ன தாயை மறக்க முடியவில்லையாம். டிராஃப்டில் எடுபடாதவர்களும் பயிற்சி முகாமுக்கு வரலாம், ஆனால் இடம் கிடைக்குமென்று எந்த வாக்கும் தரமாட்டேன், ஆடித்தான் பிடிக்கவேண்டும் என்றார். "அது இன்னும் நல்லது" என்றார் சித்தி. தங்கை அழுத கண்ணோடு சிரித்தாள். அன்று பின்னேரமே பந்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முதல் வருடம் முகாமிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் இடம் பிடித்துவிட்டாள். போன கிழமை அவளுடைய அணி மோதியது அந்தப் பச்சைக் கிளப்போடு. பார்க்கலாமென்று எதிர்க் கட்டடத்துக்குப் போய் மணியடித்தேன். கதவைத் திறந்த சித்தி கிளிப்பச்சையில் நின்றார்.

"என்ன சித்தி இது! இண்டைக்கு அது எதிர்ப்பக்கத்து நிறமெல்லோ?"

"அவைக்கெண்டே வாங்கினனான்? இது என்ரை பிள்ளைக்கு வாங்கின சாறி."

உள்ளே ரோல்ஸ் மணத்தது. தொலைக்காட்சியில் தங்கை மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கிலிருந்து எழுந்து களத்துக்குள் இறங்கினாள். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். பச்சை அவருக்கு நன்றாகத்தான் எடுபட்டது.