ஒயின் வீட்டுச் சம்பந்தம்

மூன்று வருடங்களுக்கு முன், செப்டம்பர் மாதக் கடைசியில், நானும் அக்காவும் செம்பாக்கத்திலிருந்து கிளம்பி ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன கிராமத்துக்குப் போனோம். சுற்றுலாவுக்கு அல்ல. மாப்பிள்ளை வீடு பார்க்க.

அக்கா பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒரே மகள். மேல்படிப்புக்கு அங்கே போய், அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். உடன் வேலை பார்க்கும் ஜெர்மன் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னாள். பையன் வேறு நாட்டுக்காரன் என்பதை அக்கா நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டாள். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டாள். திராட்சைத் தோட்டம், ஒயின் தயாரிப்பு, பரம்பரையாக அதுதான் என்று பதில் வந்தது. அக்கா ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தான் குடியால் இறந்தவர். அது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். ஊருக்கு அது மஞ்சள் காமாலை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கும் பின்னாளில் அப்படியே சொல்லி வைத்தோம். இத்தனைக்கும் அக்கா கல்யாணத்தின்போது எங்கள் அப்பா விசாரிக்காத இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில், அலுவலகத்தில், அவர்கள் சபை போதகரிடம், எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். தங்கமான பையன்.

விஷயம் உறவில் பரவியதும் பெருங்களத்தூரில் இருக்கும் சித்தி நேரிலேயே வந்து, "டீச்சரம்மா கடைசியில ஒயின் ஷாப் வீட்லயா சம்பந்தம் பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நம் ஊர் ஒயின் ஷாப்பில் ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். நேரில் போய்ப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் அங்கேயே சொல்லிவிடுவது. பெண்ணும் அதற்குச் சம்மதித்தாள். அம்மா வேண்டாம் என்றால் செய்துகொள்ள மாட்டேன் என்றும் சொன்னாள். அதனால் எல்லாமே அக்கா வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் நின்றது.

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன். அதனால் கேள்வி கேட்பது என் பொறுப்பு. நாங்கள் அந்தக் கிராமத்து விடுதியில் தங்கியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிற்பகல் போவதாக ஏற்பாடு. காலையில், மகள் வந்து சேருவதற்கு முன்பே, அக்கா என்னை எழுப்பிவிட்டாள். "பக்கத்துல பேக்கரி இருக்கு. பிரட் வாங்குற மாதிரி போய் அந்த வீட்டப் பத்தி மெதுவா கேட்டுட்டு வா." நம் பக்கம் இப்படித்தானே விசாரிக்கிறோம். நானும் போனேன்.

பேக்கரியில் ஒரு பெண்மணி இருந்தார். ஆங்கிலம் ஓரளவு பேசினார். ரொட்டி வாங்கிக்கொண்டு, குடும்பத்தைச் சொல்லி, எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டேன். நல்லவர்கள் என்றார். பையன் குடிப்பானா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் ஒயின் செய்கிறவர்கள் என்றார். அளவுக்கு மீறிக் குடிப்பார்களா, அந்த வீட்டில் யாருக்காவது அந்தப் பழக்கம் உண்டா என்று விடாமல் கேட்டேன். அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி மீதிச் சில்லறையைத் தந்தார். அக்காவிடம் வந்து, ஒன்றும் தேறவில்லை என்றேன்.

பிற்பகல் அந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அம்மா எங்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். உயரமான பெண், வெயிலில் சிவந்த முகம். கையைப் பிடித்தபடியே ஆங்கிலத்தில் என்னிடம், காலையில் பேக்கரிக்குப் போயிருந்தீர்களாமே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குக் காது சூடானது. மகள் நடந்ததை ஊகித்து, "மாமா, இங்க வந்துமா?" என்று பல்லைக் கடித்தாள். அக்கா ஒன்றும் தெரியாதவள்போல எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சரிவு பார்க்க வேண்டிய ஒன்றுதான். திருநீர்மலைப் படிகளைவிடச் செங்குத்தான மலை. அதில் மண்ணே தெரியவில்லை. உடைந்த கரிய கல் சில்லுகளுக்கு நடுவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். மாப்பிள்ளை எங்களை அதன் அடிவாரத்துக்கு அழைத்துப் போனதும் அக்கா ஒரு சில்லைக் குனிந்து எடுத்தாள். அது சிலேட்டு. நாம் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிகளுக்குச் சூடு கொடுக்கும் என்று மாப்பிள்ளை விளக்கினான். அக்கா அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நாளில் அவள் முகம் முதன்முறையாக இளகியது.

ஒயின் சுவைக்கும் அறை பழைய மாட்டுக்கொட்டகையாக இருந்ததாம். நீளமான மர மேசை, கண்ணாடிக் கோப்பைகள், ரொட்டித் துண்டுகள், தண்ணீர். நடுவில் ஒரு மண் ஜாடி. அது எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஊற்றினார். முதல் ஒயின் நல்ல புளிப்பு. அடுத்ததில் பச்சை ஆப்பிளின் வாசனை. அடுத்தது இன்னும் கொஞ்சம் இனிப்பு. எல்லாமே ரீஸ்லிங் என்ற ஒரே ரகத் திராட்சைதான், எந்தச் சரிவில் விளைந்தது, எப்போது பறித்தது என்பதில்தான் வித்தியாசம் என்றார்கள். ஒரே பழத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊற்றியதை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று நான் ஒவ்வொன்றையும் குடித்து முடித்தேன்.

அவர்கள் குடிக்கவில்லை. வாயில் வைத்து, கொப்பளித்து, அந்த ஜாடியில் துப்பினார்கள். மாப்பிள்ளையும் அப்படியே.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "அவங்க சரக்க அவங்களே துப்புறாங்க, நீதான்டா முழுங்கிட்டு இருக்க" என்றாள். தலை தெளிவாக இருந்தால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும், இது அவர்களுக்கு வேலை நேரம் என்று மகள் மெல்லச் சொன்னாள்.

அக்கா தேவாலயத் திருவிருந்தில் உதட்டில் படும் துளியைத் தவிர ஒயின் அறியாதவள். அவள் முன்னாலும் ஒரு கோப்பை இருந்தது. மரியாதைக்காக அதை எடுத்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். "ஈர சிலேட்டு வாசனை வருதுடி. பசங்க எச்சி தொட்டு அழிப்பாங்களே, அந்த வாசனை" என்றாள். மகள் அதை ஜெர்மனில் சொன்னதும் மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை. மேசையை உள்ளங்கையால் தட்டி, சரியாகச் சொன்னார்கள் என்றார்.

அப்போதுதான் அக்கா அவரைக் கவனித்தாள். நானும்தான். அவர் கோப்பையைச் சுழற்றுகிறார், நெடுநேரம் முகர்கிறார், மனைவியிடம் ஏதோ சொல்கிறார். மனைவி சுவைத்துப் பார்த்துத் தலையசைக்கிறார். அவர் வாயில் வைக்கவே இல்லை. துப்பவும் இல்லை.

"இவர் ஏன் வாய்லயே வைக்கல? கேளு" என்றாள் அக்கா. மகள் தயங்கினாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார், மகள் தமிழில் சொல்ல நேரம் கொடுத்து.

அவருடைய அப்பா இறந்ததும் ஒயின் பீப்பாய்கள் இருக்கும் நிலவறை அவர் கைக்கு வந்தது. சாவி எப்போதும் சட்டைப்பையில். சில வருடங்களில் அவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கினார். ஓர் அறுவடைக் காலத்தில் மனைவி, பையனைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு மருத்துவமனையில் பல மாதம். அன்றிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. மூக்கு அவருடையது, நாக்கு மனைவியுடையது, இப்படித்தான் இந்த வீட்டில் ஒயின் தயாராகிறது. பேக்கரிக்காரப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும், சொல்லும் பொறுப்பைத் தன்னிடமே விட்டுவிட்டாள் என்றார். கடைசியாக, என் மகன் அளவோடு இருக்கிறான், ஆனால் அவன் என் மகன், நான் கவனிக்கிறேன், நீங்களும் கவனியுங்கள் என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனியவில்லை. தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் நான் நினைத்தேன். எதற்குப் பயந்து அத்தனை தூரம் வந்தாளோ, அது மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அக்கா மகள் பக்கம் திரும்பினாள்.

"அவர்கிட்ட சொல்லு. எங்க வீட்டுக்காரரும் குடிச்சார். குடிச்சேதான் செத்தார்னு சொல்லு."

மகள் மொழிபெயர்க்கவில்லை. "மஞ்சக்காமாலைன்னுதானேம்மா சொன்ன?"

"மஞ்சக்காமாலைதான். எதனால வந்துச்சுன்னு சொல்லல."

அந்த மேசையில் இருந்த மற்றவர்களுக்கு என்ன பேசுகிறோம் என்று தெரியாது. ஆனால் யாரும் கோப்பையைத் தொடவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு, தன் அப்பாவைப் பற்றி அப்போதுதான் தெரிந்துகொண்டதை, அந்த அந்நிய மொழியில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, அவள் அருகில் அல்ல, அக்காவின் அருகில் உட்கார்ந்தார்.

அன்று அதற்குமேல் எந்தப் பாட்டிலும் திறக்கவில்லை. மகள் அக்காவிடம் அன்றிரவு பேசவில்லை. மறுநாள் காலை இருவரும் ஆற்றோரமாக நடந்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது. "கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வச்சுக்கலாம்" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

எனக்குப் புரியவில்லை. குடித்தவர் வீடு என்று தெரிந்த பிறகா என்று கேட்டேன். "நம்ம அப்பா ஊரெல்லாம் விசாரிச்சார், ஒருத்தரும் சொல்லல. இவங்க நான் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. இந்த வீட்ல நாளைக்கு ஒண்ணு நடந்தா என் பொண்ணுக்கு முதல்ல தெரியும்" என்றாள்.

கல்யாணம் தாம்பரத்தில்தான் நடந்தது. சித்தி வந்திருந்தார், சம்பந்தி வீட்டைப் பற்றி அக்காவிடம் குடைந்து கேட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை, தன் வீட்டுக் கதை உள்பட.

இப்போதும் யாராவது ஒரு வரனைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நானும் விசாரிக்கிறேன்; ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன், அந்தக் கேள்வியோடு பலரும் எழுந்து போய்விடுகிறார்கள்.