நடுப்பெட்டி மட்டும் நேர்

உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்தக் கருவி. எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்வதற்குள் அவள் கண் கதவு நிலையில் போய் நின்றுவிடும். "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கே" என்பாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தங்கை புதுவீடு கட்டி ஆசை ஆசையாகக் கூப்பிட்டபோது, சமையலறை அலமாரி சாய்ந்திருக்கிறது என்று வாயை விட்டாள். தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. மூன்றாம் மாதம் எண்ணெய்ப் பாட்டில் அந்த அலமாரியிலிருந்து தானாக நகர்ந்து வந்து கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை ஆரம்பமானது.

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கண் அது. முதலில் பலகையும் பென்சிலும், பிறகு கம்ப்யூட்டர். கடைசியில் முதலாளி அலுவலகத்தையே இழுத்து மூடினார். அதன் பிறகு ஆறு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்த நாற்காலி, மேசை, காலண்டர் எதுவும் ஓர் இடத்தில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. கணவரும் அப்படித்தான். தாங்க முடியாமல் அவரே இணையத்தில் தேடிப்பிடித்து ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"உனக்குன்னே செஞ்ச வேலை மாதிரி ஒண்ணு வந்திருக்கு. அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சா சம்பளமே தர்றாங்களாம்."

அது இணையத்தில் நடக்கும் ஓவிய வகுப்பு. சேர்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற, பிள்ளைகுட்டி உள்ள பெரியவர்கள். முதல் இரண்டு வாரம் வெறும் கோடு. இரண்டு புள்ளி வைத்து, ஸ்கேல் இல்லாமல், ஒரே வீச்சில் இணைக்க வேண்டும். அடுத்து பெட்டிகள். தாளை போனில் படமெடுத்து அனுப்புவார்கள். இவள் அதைத் திரையில் திறந்து வைத்து, மேலேயே சிவப்பில் திருத்திக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். இந்த வேலையில் அவள் பிய்த்து உதறினாள். "மூன்றாவது கோடு பாதி வழியில் பயந்துவிட்டது. பயப்படாதீர்கள், தாள் கடிக்காது" என்று எழுதுவாள். ஒரே கோட்டின் மேல் நாலு தடவை இழுத்திருந்தால், "இதற்கு முடி முளைத்திருக்கிறது, ஒரு தடவை போட்டுவிட்டுக் கையை எடுங்கள்" என்பாள். திட்டு வாங்கியவர்களே அவள் குறிப்பை மற்றவர்களுக்குக் காட்டிச் சிரித்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் லேத் இயந்திரம் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே இரும்பைக் கடைந்ததில் முதுகு போய்விட்டது. இனி நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. உள்ளிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தேர்வு வைத்து எடுப்பார்களாம். கையால் பெட்டியும் பொருளும் தூரக்காட்சியாக, தள்ளிப் போகப் போகச் சிறுத்துத் தெரிகிற மாதிரி, வரைய வேண்டும். தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வீடு. இதையெல்லாம் முதல் தாளோடேயே நாலு வரியில் எழுதி அனுப்பியிருந்தார். கடைசியில், "தயவுசெய்து தாட்சண்யம் பார்க்காமல் திருத்தவும்" என்று ஒரு வரி. அவளிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா! அவளுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப் போயிற்று.

கோடு பழகிய கை என்பதால் அவரை நேரே பெட்டிப் பயிற்சியில் சேர்த்திருந்தார்கள். ஒரு தாளில் மூன்று மூன்றாக ஒன்பது பெட்டிகள். இந்தப் பயிற்சியில் பெட்டியின் பக்கக் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓடிச் சேரும். நிமிர்ந்து நிற்கும் கோடுகள் மட்டும் கடைசிவரை நிமிர்ந்தே நிற்க வேண்டும். பக்கக் கோடுகளை அவள் சிவப்பில் நீட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகாமல் புள்ளியில் போய்ச் சேர்ந்தன. ஆனால் நிமிர்ந்த கோடுகள் சாய்ந்திருந்தன. இடது வரிசைப் பெட்டிகள் மேலே போகப் போக வலப்பக்கம் சாய்ந்தன. வலது வரிசை இடப்பக்கம். நடுவரிசை மட்டும் தூண் போல நின்றது.

"நடுப்பெட்டி மட்டும் நேர். மற்றதெல்லாம் தூங்கி வழிகிறது. நடுவில் வருகிற கை ஓரத்தில் ஏன் வரவில்லை?" என்று எழுதினாள்.

அடுத்த வாரமும் அதே சாய்வு. "காதில் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறதே" என்று எழுதினாள். அவரிடமிருந்து, "மன்னிக்கவும் மேடம், சரிசெய்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. மூன்றாம் வாரம் வந்த தாளில் ஒன்பது பெட்டியும் நிமிர்ந்து நின்றன. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "சபாஷ்! இதே கையோடு போய்த் தேர்வில் வரையுங்கள்" என்று எழுதி, கணவரைக் கூப்பிட்டு வேறு காட்டினாள். தேர்வு அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கணவர் சாப்பாட்டு மேசையில் வண்டி இன்சூரன்ஸ் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். படமெடுத்து அனுப்பினால், கோணலாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன். தாள் நேராத்தானே இருக்கு? போன்ல மட்டும் ஏன் மேல போகப் போகக் குறுகுது?"

"உக்காந்த இடத்துலேர்ந்தே எடுத்தா அப்படித்தான் வரும். எழுந்திருக்கச் சோம்பேறித்தனம். தாளோட மேல்பக்கம் தூரமா இருக்குல்ல? அதனால ரெண்டு ஓரமும் உள்பக்கம் சாஞ்சு, நடுவுல மட்டும் நேரா…"

பாதிப் பேச்சிலேயே அவளுக்குப் பொறி தட்டியது.

ஓடிப்போய் லேத்காரர் அனுப்பிய மூன்று படத்தையும் திறந்தாள். தாளின் விளிம்பு எதிலும் தெரியவில்லை. சுற்றியிருந்ததை வெட்டிவிட்டு, பெட்டிகள் மட்டும் தெரிகிற மாதிரி சுத்தமாக அனுப்பியிருந்தார் மனிதர். விளிம்பு தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள். அது போகட்டும், இடமும் வலமும் அச்சடித்தாற்போல ஒரே அளவு சாய்ந்து, நடு மட்டும் நேராக நிற்குமா? புதிதாக வரைகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று இப்படி ஓடும், இன்னொன்று அப்படி ஓடும். தப்பு ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக வராது. ஊரில் உள்ள கதவு நிலையெல்லாம் கண்ணில் பட்டது, இது படவில்லை. அவர் கோடு முதல் தாளிலிருந்தே நேராக இருந்திருக்கிறது. போன்தான் சாய்ந்திருக்கிறது.

அது மட்டும் என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். அதைவிட மோசம் மூன்றாம் வாரத் தாள். சாய்த்தே பிடித்த போனில் பெட்டிகள் நேராகத் தெரிகின்றன என்றால், தாளில் அவை மேலே அகன்று விரிந்திருக்க வேண்டும். அவள் பேச்சைக் கேட்டு, நேராக இருந்ததை அந்த மனிதர் மெனக்கெட்டுக் கோணலாக்கியிருக்கிறார். அதற்குத்தான் இவள் சபாஷ் போட்டிருக்கிறாள். இதே கையோடு போய்த் தேர்வில் வரையுங்கள் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள்.

மணி ஒன்பது நாற்பது. திருத்துகிறவர்கள் மாணவர்களோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது வகுப்பின் விதி. போன் எண்ணெல்லாம் வகுப்பை நடத்துகிற அம்மாளிடம்தான் இருக்கும். அவரைக் கூப்பிட்டாள்.

"நம்பரெல்லாம் தர முடியாதுங்க, உங்களுக்கே தெரியும். என்ன விஷயம்?"

"மூணு வாரமா அவருக்குத் தப்பாத் திருத்தியிருக்கேன்."

"யாரு, நீங்களா?"

"நானேதான். வேலையை விட்டுத் தூக்கணும்னா அப்புறமா தூக்குங்க. அவருக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. இப்ப நம்பர் குடுங்க."

அந்தக் குரலைக் கேட்டு அந்த அம்மாள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எண்ணை மட்டும் சொன்னார். அதில் கூப்பிட்டால் எடுத்தது லேத்காரரின் மனைவி.

"அவரு எட்டு மணிக்கே போயிட்டாரே. உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க, அதான் வீட்லயே வச்சிட்டுப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"நான் அவரோட பெட்டி திருத்துற…"

"ஓ, அந்த மேடமா! உங்க பேச்சுதான் இங்க மூணு வாரமா. சாப்பாட்டு மேசையை அவரு எங்க கண்ணுலயே காட்டுறதில்ல. பிள்ளைங்க தரையில உக்காந்து சாப்பிடுதுங்க. சாயுது சாயுதுன்னு தனியாப் புலம்பிட்டிருந்தாரு பாவம். நீங்க சபாஷ் போட்டப்புறம்தான் நல்லாச் சாப்பிட்டாரு."

தொழிற்சாலை வாசலுக்குப் பேச முடியுமா என்று கேட்டாள். அங்கே எடுக்கவே மாட்டார்கள் என்றார் லேத்காரரின் மனைவி. நாலு மணிக்கு வருவார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பத்து மணி அடித்தது. பதினொன்று ஆனது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சும்மா உட்காரவும் முடியாமல், கடைசி நாற்பது பேர் அனுப்பிய தாள்களைத் திறந்து விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி உட்கார்ந்தபடி எடுத்திருந்தார்கள். இருவருக்கும், "தப்பு என்னுடையது, உங்கள் கோட்டைத் தொடாதீர்கள்" என்று எழுதினாள். கணவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கிண்டல் செய்ய நல்ல வாய்ப்புதான். அவர் அதை விட்டுவிட்டுத் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடம் நின்ற காலோடு, ஒரே ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டார். அதை நான் பிடுங்கிவிட்டேனே என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

நாலு பத்துக்குப் போன் அடித்தது.

"மேடம், வணக்கம். நீங்க கூப்பிட்டீங்கன்னு வீட்ல சொன்னாங்க." குரல் கம்மியிருந்தது.

"நான்தான் முதல்ல ஒண்ணு சொல்லணும்…"

"இல்ல மேடம், நான் சொல்லிடறேன். கோச்சுக்காதீங்க. பரீட்சையில நீங்க சொன்னபடி நான் வரையலை."

"என்னது?"

"உங்களுக்கு அனுப்பினதுல மேல கொஞ்சம் அகட்டி அகட்டித்தான் போட்டேன். போன்ல பாத்துப் பாத்து, அழிச்சு அழிச்சுப் போட்டேன். நீங்களும் சபாஷ் சொன்னீங்க. ஆனா அங்க பரீட்சை வைக்கிறவரு எல் எழுத்து மாதிரி இருக்குமே மூலைமட்டம், அதைத் தாள் மேலயே வச்சுப் பாப்பாரு மேடம். மூலைமட்டம் வச்சா என் கோடு மொதல்லேர்ந்தே நேராத்தான் காட்டுச்சு. நீங்க சாயுதுங்கறீங்க. சரி, மட்டம்தான் தேஞ்சு போச்சோன்னு ஸ்டோர்ல குடுத்துப் புதுசு கூட வாங்கிப் பாத்தேன். அதுவும் நேருன்னுதான் சொல்லுது. ஓவியத்துக்கு வேற கணக்கு இருக்கும், நமக்கு என்ன தெரியும்னு உங்களுக்கு மட்டும் அப்படி அனுப்பினேன். ஆனா இன்னிக்கு அந்த ஹால்ல உக்காந்தப்ப கை கேக்கலை மேடம். இருபத்திரெண்டு வருஷப் பழக்கம். கோட்டை நேராவே நிறுத்திட்டேன். நீங்க இவ்வளவு சொல்லிக் குடுத்தும் கேக்கலைன்னு நினைக்காதீங்க."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"அது கிடக்கட்டும். ரிசல்ட் என்ன?"

"அவரு மட்டம் வச்சுப் பாத்தாரு. அடுத்த தாளுக்கும் வச்சாரு. அப்புறம், திங்கக்கிழமையிலேர்ந்து மேல வந்துடுன்னாரு. மேலதான் மேடம் வரைபடப் பிரிவு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டாள். எதிர்ப்பக்கம் பதறியது. "மேடம்? மேடம், கோவமா?"

"யோவ், கோவமாவது ஒண்ணாவது!" அந்தச் சந்தோஷத்தில் மரியாதை கொஞ்சம் வழுக்கிவிட்டது. "நீங்க என் பேச்சைக் கேக்காததுதான் நான் பண்ணின புண்ணியம். தப்பு உங்க கோட்டுல இல்லங்க. நீங்க உக்காந்துட்டே படம் எடுத்திருக்கீங்க, போன் சாஞ்சதுல எனக்குக் கோடு சாஞ்சு தெரிஞ்சிருக்கு. அதைப் பாக்க வேண்டியவ நான். பாக்கலை. மூணு வாரமா உங்களைத் தேவையில்லாம படுத்தியிருக்கேன். உங்க கோடு முதல் தாள்லேர்ந்தே நேராத்தான் இருந்துச்சு."

எதிர்ப்பக்கம் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்லையா மேடம்?"

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

"நான் பயந்தே போயிட்டேன் மேடம். முதுகும் போச்சு, கண்ணும் போச்சுன்னா அப்புறம் எதை வச்சுப் பொழைக்கிறதுன்னு…" குரல் உடைந்து, பிறகு தெளிந்தது. "ஏய், இங்க வா! பிள்ளைங்களையும் கூப்பிடு!" என்று வீட்டுக்குள் கத்தினார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இப்ப சொன்னீங்களே, அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லுங்க."

ரசமட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு கோடு நேரு. தப்பு என்னோடது."