ஏழா, பன்னிரண்டா?

எங்கள் ஆபீசில் என் வேலை, அமெரிக்கக் கால்பந்தை வீடியோவில் பார்த்து மார்க் போடுவது. அதில் காலுக்கு அதிக வேலை கிடையாது, கையால்தான் எறிகிறார்கள். யார் எதற்காக யார் மேல் விழுகிறார்கள் என்பதே முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. யாங்கோனில் இதற்கு ஆள் தேடியவர்களுக்கு வேறு யாரும் கிடைக்காமல் நான் கிடைத்தேன்.

பந்தை எறிகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். ஒரே டீமில் இரண்டு பேர்: ஏழாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர். யார் தேவலை என்று கிளையன்ட்டுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு எறிக்கும் நானும் செல்வியும் தனித்தனியாக மார்க் போடுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கான்ட்ராக்ட். செல்வி, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரிலிருந்த தையல் ஃபேக்டரியை விட்டுவிட்டு இந்த வேலையை நம்பி வந்தவள்.

சோதனை வாரத்தின் வெள்ளிக்கிழமை, மேனேஜர் சேகர் எங்களைக் கூப்பிட்டார். வயதில் மூத்தவன் என்று பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'ஊ' போடுவார்.

"ஊ மாணிக்கம், நீங்க பன்னெண்டத் தலையில தூக்கி வச்சிருக்கீங்க. செல்வி ஏழத் தூக்கி வச்சிருக்கா. ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தத்தான் பாத்தீங்களா?"

"நான் கண்ணாடி போட்டுத்தான் சார் பாத்தேன்."

"வெளாடாதீங்கண்ணே" என்றாள் செல்வி. "இது போச்சுன்னா நான் திரும்பவும் தன்லியின் பஸ்ல தொங்கணும்."

"காப்பியடிச்சு ஒத்துப்போகக் கூடாது. எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிங்க. திங்கக்கெழம அனுப்பணும்" என்றார் சேகர்.

இருவரும் ஒரு வீடியோவைப் போட்டோம். பன்னிரண்டு எங்கோ எறிய, நெட்டையான ஒருவர் எகிறி ஒற்றைக் கையால் பிடித்தார். நான் முழு மார்க், செல்வி பூஜ்யம். அடுத்து ஏழாம் நம்பர் நெஞ்சுக்கு நேராக எறிந்தார். வாங்கியவர் கோட்டைவிட்டார். நான் பூஜ்யம், செல்வி முழு மார்க்.

"பந்து விழுந்துருச்சே, செல்வி!"

"விட்டது புடிக்கிறவன். எறிஞ்சவன் என்ன பண்ணுவான்? காலையில பார்க்குல என்னண்ணே வெளாடுறீங்க?"

"சின்லோன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

சின்லோனில் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருப்போம். எதிரணி இல்லை. விழாவிட்டால் எல்லோரும் மகான்கள்; விழுந்தால் எல்லோர் முகத்திலும் அசடு. அந்தக் கண்ணோடு அமெரிக்காவுக்கு நீதி வழங்கியிருக்கிறேன்! பன்னிரண்டுக்குப் பிடித்துக்கொடுக்க நல்ல நல்ல ஆட்கள். ஏழாம் நம்பரை இறக்குவதோ ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, ரிசர்வ் ஆட்களோடு.

பந்து பிடிப்பவர் கையைத் தொடும் முன்பே வீடியோவை நிறுத்தி மார்க் போடுவது என்று முடிவானது. சனிக்கிழமை முழுக்க முதலிலிருந்து தனித்தனியாகப் போட்டோம். விழுந்ததா இல்லையா என்று பார்க்காமல் நிறுத்துவது, தும்மலைப் பாதியில் அடக்குவது போல இருந்தது.

திங்களன்று மார்க் ஒத்துப்போனது. கான்ட்ராக்டும் வந்தது. ஏழும் பன்னிரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று வந்ததில் கிளையன்ட்டும் குழம்பியதாகக் கேள்வி.

"எறியிறவங்களச் செல்வி பாக்கட்டும்" என்றார் சேகர். "ஊ மாணிக்கம், இனிமே நீங்க புடிக்கிறவங்களப் பாருங்க. உங்க கண்ணுக்கு அதான் சரி."

இரண்டு பேரை ஒப்பிடும் தம்பி தங்கைகளே, அவரவர் பந்தை யார் பிடிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இவ்வளவுதான் நான் கற்றது. சேகர் என்னை உயர்த்தினாரா, ஓரங்கட்டினாரா என்பது மட்டும் விளங்கவில்லை. செல்வியிடம் கேட்டேன்.

"சம்பளம் வருதில்ல? பேசாம பந்தப் பாருங்கண்ணே" என்றாள்.